களைப்புக்கும் ஒரு கணக்கு

விடிய முதல் கல்லடிப் பழைய பாலத்தில் ஓடுற பெடியள் பலபேரின் கையில் இப்போ ஸ்மார்ட் வாட்ச். ஓடி முடிச்சதும் ஆப்பைத் திறந்து ரெண்டு எண்ணைப் பார்ப்பாங்கள்: ஒன்று உடற்தகுதி, மற்றது களைப்பு.

இந்த ரெட்டைக் கணக்கின் வேர் 1975இல் இருக்கு. கனடாவில் எரிக் பானிஸ்டரும் கூட்டாளிகளும் ஒரு நீச்சல் வீரரின் பயிற்சியை வைத்து அதை எழுதினார்கள். ஒவ்வொரு பயிற்சியும் தகுதியையும் களைப்பையும் சேர்த்தே ஏற்றும். களைப்பு வேகமாக வடியும், தகுதி மெதுவாகக் கரையும். பல ஆப்கள் தகுதிக்கு 42 நாள், களைப்புக்கு 7 நாள் என்று எடுக்கின்றன. போட்டிக்கு முந்தின கிழமை ஓட்டத்தைக் குறைக்கச் சொல்றது இதனால்தான். என்னைக் கேட்டால், பார்க்கவேண்டியது களைப்புக் கோட்டைத்தான். அதைத்தான் ஒருத்தரும் ஸ்டேட்டஸில் போடுறதில்லை.

அந்தக் கணக்குப் பிறந்த காலத்தில் எங்கட கடலில் இருந்தவர் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன். 1971இல் பாக்குநீரிணையை நீந்திப் போய்த் திரும்பினார், 51 மணித்தியாலம். 1979இல் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் சைக்கிள் ஓட்டினார். முதல் ஹவாய் அயன்மேன் நடந்து ஒரு வருசம்தான் அப்போ. அதில் இறங்கினதே 15 பேர். நீச்சலும் சைக்கிளும் அவரிடம் இருந்தது, ட்ரையத்லனுக்கு ஓட்டம் மட்டும்தான் பாக்கி.

போலார் நிறுவனத்தின் கம்பியில்லா நாடித்துடிப்புமானி வந்தது 1982இல். 1984 ஆகஸ்ட் 6, ஆங்கிலக் கால்வாயை நீந்தும்போது ஆனந்தன் இறந்தார். சாதனைப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே நிற்பது நேரமும் தூரமும்தான்.