சங்கக்கடைப் புடைவையும் திறந்த சந்தையும்

இலங்கையின் சில்லறை வியாபார வரலாற்றில் 1977ஆம் ஆண்டினை ஓர் எல்லைக்கோடாகக் கொள்வது வழக்கம். ஆயின் அவ்வெல்லைக்கோடு புடைவைக்கும் பாதணிக்கும் ஒரே தன்மையதன்று.

1970 முதல் 1977 வரை, அந்நியச் செலாவணி நெருக்கடியின் காரணமாகப் புடைவை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ‘சலுசல’ எனும் அரச நிறுவனத்தின் கடைகளிலும் கூட்டுறவுச் சங்கக்கடைகளிலும் மக்கள் வரிசையில் நின்றனர். விரும்பிய துணியை வாங்குதல் அரிது. கிடைத்த துணியையே விரும்பவேண்டியிருந்தது. எனினும், அதே கட்டுப்பாடுதான் மருதமுனை போன்ற ஊர்களிற் கைத்தறியை வாழவைத்தது. கிராமப்புறப் பெண்கள் பலர் முதன்முதலாகத் தம் கையிற் காசு கண்டதும் தறியினாலேயே.

1977 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தின் பின்னர் வெளிநாட்டுத் துணி புறக்கோட்டையை நிறைத்தது. நுகர்வோர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சியைப் பழித்தல், வரிசையில் நின்றறியாதோர்க்கே எளிது. ஆயினும், சில ஆண்டுகளுள் ஆயிரக்கணக்கான தறிகள் ஓய்ந்தன. நெய்த பெண்களுக்கு மாற்றுத் தொழில் எதுவும் உடன் கிட்டவில்லை.

பாதணியின் கதை வேறு. நெசவாளர்க்கு வேண்டிய நூலுக்குப் பெரிதும் பிறநாட்டை நம்பவேண்டியிருந்தது. செருப்புக்கு வேண்டிய இறப்பரோ இந்நாட்டுத் தோட்டங்களிலேயே விளைந்தது. 1962இல் தோன்றிய டி.எஸ்.ஐ. நிறுவனம் திறந்த சந்தையிலும் தளராது வளர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணமெனலாம். யாழ்ப்பாணத்தில் இறப்பர்ச் செருப்பையே ‘பாட்டா’ என்பர். ஒரு கம்பனியின் பெயர் பொருளின் பெயராகிவிட்டது!

சந்தையின் வளர்ச்சி பொருளியல் விதிகளால் மட்டும் அமைந்ததன்று. 1983 யூலையில் கொழும்பில் தமிழருடைய கடைகளும் ஆலைகளும் தீக்கிரையாயின. பல தசாப்தங்களாகத் திரண்ட முதலும் கடன்நம்பிக்கையும் சில நாட்களில் அழிந்தன. 1990இன் பின் வடபகுதி பொருளாதாரத் தடைக்குள்ளாகியது. தெற்கிலே கடைகள் பெருகிய காலத்தில், அங்கு பழைய துணியைத் திருப்பித் தைத்து உடுத்தனர்.

1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் உருவாகியது. 1992இல் தொடங்கிய இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் அத்தொழிலைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது. மேலைநாடுகளுக்கெனத் தைக்கப்பட்டுச் சிறு பழுதினாற் கழிக்கப்பட்ட ஆடைகள் புறக்கோட்டை நடைபாதைக்கு வந்தன. அளவெடுத்துத் தைப்பித்த தலைமுறையின் மக்கள் ஆயத்த ஆடைக்குப் பழகினர். ஊர்த் தையற்காரரிடம் இன்று பெரும்பாலும் செல்வது, வாங்கிய காற்சட்டையின் நீளத்தைக் குறைப்பதற்கே.