தோல்விக்குப் பிறகு: அம்பேத்கர் இயக்கமும் உழைப்பாளர் உரிமையும், 1937–1965



நினைவுப் பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமையைப் பேசிவிட்டுக் கலைந்துபோவது பல இடங்களில் வழக்கம். இந்த மேடையில் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வியை எடுத்துப் பேசுகிறோம். இன்று நான் எடுத்துக்கொள்வது தேர்தல் தோல்வியை. வாக்கு எண்ணிக்கை முடிந்த மறுநாள் நம் தோழர்கள் சொல்லும் வார்த்தைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "கூலிப் பிரச்சினைக்கு நம்மிடம் வருகிறார்கள், வாக்கை மட்டும் வேறு இடத்தில் போடுகிறார்கள். இனி யாருக்காகப் போராடுவது?" இந்தச் சலிப்பு நம் காலத்தில் பிறந்ததல்ல. அம்பேத்கரும் அவருடைய இயக்கமும் திரும்பத் திரும்பத் தேர்தலில் தோற்றவர்கள். தோற்ற பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு வெற்றியிலிருந்து தொடங்குகிறேன். 1936 ஆகஸ்டில் அம்பேத்கர் தொடங்கிய கட்சியின் பெயர் சுதந்திரத் தொழிலாளர் கட்சி. பெயரில் சாதி இல்லை, உழைப்பு இருந்தது. 1937 தேர்தலில் பம்பாய் மாகாணத்தில் 17 இடங்களில் போட்டியிட்டு 14 இடங்களை வென்றது. இதில் 3 பொதுத் தொகுதிகள்.

உழைப்பின் பெயரில் கட்சி தொடங்கியவர், உழைப்புக்குள் சாதி இருப்பதை மறந்துவிடவில்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் நூற்புப் பகுதியில் தீண்டப்படாத தொழிலாளிக்கு இடம் உண்டு. கூலி கூடுதலாகக் கிடைக்கும் நெசவுப் பகுதியில் இடம் இல்லை. நாடாவில் நூல் தீர்ந்தால் புதிய நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒரு மகர் வாய் வைத்த நாடாவில் இன்னொருவர் வாய் வைக்க மாட்டார். 1928ஆம் ஆண்டின் பெரிய வேலைநிறுத்தத்தின்போது, இந்த விலக்கை நீக்கக் கோருவதையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அம்பேத்கர் கேட்டார். வேலைநிறுத்தத் தலைவர்கள் தயங்கித்தான் அதற்கு இசைந்தார்கள். தொழிலாளர் ஒற்றுமையின் முன்னால் அன்று நின்ற இந்தக் கேள்வி பின்னால் வாக்குப் பெட்டியிலும் வந்து நின்றது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சட்டமன்றத்துக்குள் போன கட்சி வெளியே செய்த வேலைதான் அதிகம். கொங்கணத்தில் கோத்தி என்ற நில வரி முறை இருந்தது. அரசுக்கும் உழவனுக்கும் நடுவில் நின்ற கோத், வரியோடு சேர்த்து வெட்டி வேலையையும் வாங்கினான். அந்த முறையை ஒழிக்க 1937 செப்டம்பரில் அம்பேத்கர் மசோதா கொண்டுவந்தார். 1938 ஜனவரி 10 அன்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட உழவர்கள் பம்பாய் சட்டமன்றத்தை நோக்கி ஊர்வலம் சென்றார்கள். வந்தவர்களில் குன்பிகளும் இருந்தார்கள், மகர்களும் இருந்தார்கள். அடுத்த மாதம் மன்மாடில் தீண்டப்படாத ரயில்வே தொழிலாளர்களின் மாநாட்டில், பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டும் நமக்கு எதிரிகள் என்று அம்பேத்கர் பேசினார்.

அதே ஆண்டில் பம்பாய் காங்கிரஸ் அரசு தொழில் தகராறு மசோதாவைக் கொண்டுவந்தது. சமரச நடைமுறை முடியும் முன் வேலைநிறுத்தம் செய்தால் அது குற்றம், சிறைத் தண்டனை உண்டு என்றது மசோதா. வேலைக்கு வர மறுப்பது ஒப்பந்த மீறலாக இருக்கலாம், அதைக் குற்றமாக்கினால் தொழிலாளி அடிமையாகிறான் என்று அம்பேத்கர் வாதிட்டார். 1938 நவம்பர் 7 அன்று அவருடைய கட்சியும் கம்யூனிஸ்ட் தோழர்கள் நடத்திய தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஒரு நாள் வேலைநிறுத்தம் நடத்தினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. மசோதா சட்டமாகிவிட்டது. ஆனால் நீலக் கொடியும் செங்கொடியும் ஒரே தெருவில் நடந்த நாள் என்று அந்த நாளை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த சாம்ராவ் பருலேகர் பின்னாளில் கம்யூனிஸ்ட் கட்சிக்குச் சென்று, வார்லி பழங்குடிகளின் போராட்டத்தில் முன்னால் நின்றார்.

1942 ஜூலையில் நாக்பூரில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு உருவானது. அதன் முதல் தலைவர் நம் சென்னையின் என். சிவராஜ். அதே மாதத்தில் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றார். அங்கே இருந்த நான்கு ஆண்டுகளின் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேர வேலை 48 ஆகக் குறைந்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி வந்தது. 1948இல் சட்டமான குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் மசோதாவை 1946 ஏப்ரலில் அறிமுகப்படுத்தியவர் அவர்தான். பாராட்டோடு நிறுத்திவிடக் கூடாது. சுரங்கத்துக்கு அடியில் பெண்கள் வேலை செய்வதற்கு இருந்த தடை, போர்க்கால நிலக்கரித் தேவைக்காக 1943இல் நீக்கப்பட்டதும் அவர் பொறுப்பில் இருந்தபோதுதான். 1946இல்தான் தடை திரும்ப வந்தது. ஆட்சிக்குள் இருந்து உரிமை பெறுவதற்கு இப்படி ஒரு விலையும் இருந்தது.

இந்தச் சட்டங்களின் சூடு ஆறும் முன்பே 1946 மாகாணத் தேர்தல் வந்தது. நாடு முழுவதும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 151. கூட்டமைப்பு வென்றவை இரண்டு. பூனா ஒப்பந்தத்தின்படி முதல் கட்டத்தில் பட்டியல் சாதி வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் எல்லாச் சாதியினரும் சேர்ந்து அந்த நால்வரில் ஒருவரைத் தேர்வார்கள். முதல் கட்டத்தில் நம் மக்களிடம் முந்தியவர், இரண்டாம் கட்டத்தில் ஊர்க்காரர்களின் வாக்கில் தோற்க முடியும். ஆனால் பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு இந்த நுணுக்கத்தைப் பார்க்கவில்லை. எண்ணிக்கையைப் பார்த்தது. தீண்டப்படாதவர்களுக்கும் காங்கிரஸே பிரதிநிதி என்று முடிவுசெய்துவிட்டது.

தோற்றவர்கள் வீட்டில் உட்காரவில்லை. 1946 ஜூலையில் பூனாவில் சட்டமன்றக் கூட்டத்தை ஒட்டி சத்தியாகிரகம் தொடங்கி, ஆயிரக்கணக்கில் சிறை சென்றார்கள். அரசியல் நிர்ணய சபைக்குப் பம்பாயிலிருந்து போக வழியில்லாத அம்பேத்கரை, ஜோகேந்திரநாத் மண்டல் முன்னின்று வங்காளத்திலிருந்து அனுப்பிவைத்தார். அந்தச் சபைக்குக் கொடுப்பதற்காக 1947 மார்ச்சில் கூட்டமைப்பின் பெயரில் ஒரு கோரிக்கை ஆவணம் வெளிவந்தது. ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்று நாம் படிக்கிற நூல் அதுதான்.

அந்த நூல் எந்த நேரத்தில் எழுதப்பட்டது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 151இல் இரண்டே இடம் வென்ற ஒரு கட்சி எழுதியது அது. இடம் குறைந்துவிட்டது, கோரிக்கையையும் குறைத்துக்கொள்வோம் என்று அவர்கள் நினைக்கவில்லை. அடிப்படைத் தொழில்கள் அரசின் உடைமையாக வேண்டும் என்றார்கள். காப்பீடு அரசிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்றார்கள். விவசாயமே அரசுத் தொழிலாக வேண்டும், நிலத்தை அரசு எடுத்து, சாதி மதம் பார்க்காமல் கிராமத்துக் குடும்பங்களுக்குக் கூட்டுப் பண்ணையாகக் குத்தகைக்கு விட வேண்டும், மாடும் விதையும் எருவும் அரசு தர வேண்டும் என்றார்கள். நிலவுடைமையாளனும் இருக்கக் கூடாது, நிலமற்ற கூலியும் இருக்கக் கூடாது. இதைச் சட்டமன்றப் பெரும்பான்மையின் விருப்பத்துக்கு விட்டுவிடாமல் அரசியல் சட்டத்திலேயே எழுதி, பத்து ஆண்டுக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அதில் முக்கியம். இன்று பெரும்பான்மை பெற்றவர்கள் நாளை நிலத்தை நமக்குத் தர மாட்டார்கள் என்பதைத் தேர்தல் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அந்தத் திட்டம் அரசியல் சட்டத்தில் ஏறவில்லை. கொத்தடிமை வேலையையும் வெட்டி வேலையையும் தடுக்கும் 23ஆம் பிரிவு அடிப்படை உரிமையாக ஏறியது. வாழ்வதற்கான கூலி, நீதிமன்றம் போக முடியாத வழிகாட்டும் நெறியாக நின்றுவிட்டது.

அடுத்தது 1952. அமைச்சரவையிலிருந்து விலகிய அம்பேத்கர், அசோக் மேத்தாவின் சோஷலிஸ்ட் கட்சியோடு கூட்டணி வைத்து வடக்கு பம்பாயில் மக்களவைக்கு நின்றார். அது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரு பொது இடம், ஒரு ஒதுக்கீட்டு இடம். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்கு, அவற்றை இரு வேறு வேட்பாளர்களுக்குப் போட வேண்டும். காங்கிரஸின் நாராயண் கஜ்ரோல்கர் 1,38,137 வாக்கு பெற்றார். அம்பேத்கருக்குக் கிடைத்தது 1,23,576. அதே தொகுதியில் கம்யூனிஸ்ட் தலைவர் டாங்கேயும் நின்றிருந்தார். 1938இல் ஒன்றாக வேலைநிறுத்தம் செய்தவர்கள் 1952இல் எதிரெதிராக நின்றார்கள். வாக்குகளை வீணடிக்கச் சொல்லிப் பிரச்சாரம் நடந்தது என்று அம்பேத்கரும் மேத்தாவும் போட்ட தேர்தல் மனு தள்ளுபடியானது.

1954இல் பண்டாராவில் இடைத்தேர்தல். அதுவும் இரட்டைத் தொகுதி, அதே கூட்டணி. பொது இடத்தில் அசோக் மேத்தா வென்றார். ஒதுக்கீட்டு இடத்தில் அம்பேத்கர் தோற்றார்.

இந்த இரண்டு வரியையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். மேத்தாவுக்கு ஒரு வாக்கைப் போட்டவர்களில் ஒரு பகுதியினர், இரண்டாவது வாக்கை அவருடைய கூட்டாளிக்குப் போடவில்லை. ஆலையில் நாடாவில் வாய் வைக்க மறுத்த அதே தயக்கம், வாக்குச் சாவடியிலும் வந்து நின்றது. இடதுசாரிகள் தங்கள் தோல்விகளை ஆராயும்போது பணம், அதிகாரம், பத்திரிகை என்று காரணம் சொல்வார்கள். அவை உண்மைதான். அந்த இரண்டாவது வாக்கு எங்கே போனது என்பதையும் கேட்டிருக்க வேண்டும். இன்றும் கேட்க வேண்டும்.

இனி நம் கதையின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். அதன் நாயகர் தாதாசாகேப் கெய்க்வாட். நாசிக் காலாராம் கோவில் நுழைவுப் போராட்டத்தில் உருவானவர். 1952 தோல்விக்கு அடுத்த ஆண்டே, அன்றைய ஹைதராபாத் மாநிலத்தின் மராத்வாடாவில், புறம்போக்கு நிலங்களில் நிலமற்றவர்கள் இறங்கி உழும் சத்தியாகிரகம் தொடங்கியது. 1956 டிசம்பர் 6இல் அம்பேத்கர் மறைந்தார். 1957 தேர்தலில் ஒன்றுபட்ட மகாராஷ்டிரத்துக்கான சமிதியில் கம்யூனிஸ்டுகள், சோஷலிஸ்டுகள், விவசாயி தொழிலாளர் கட்சியினரோடு சேர்ந்து நின்றபோது, இரண்டாவது வாக்கு ஓரளவு வந்து சேர்ந்தது. கெய்க்வாட் நாசிக்கிலிருந்து மக்களவைக்குப் போனார். அந்த அக்டோபரில் நாக்பூரில் இந்தியக் குடியரசுக் கட்சி உருவானது. தலைவர் மறுபடியும் நம் சிவராஜ்தான்.

1959இல் நாசிக், கான்தேஷ், மராத்வாடா பகுதிகளில் பெரிய நிலப் போராட்டம் நடந்தது. கட்சிக்குள் ஒரு பிரிவினர், நிலம் கேட்பதும் கம்யூனிஸ்டுகளோடு நிற்பதும் அம்பேத்கர் வழியல்ல என்று பிரிந்து போனார்கள். படித்தவர்களுக்கு வேலை ஒதுக்கீடு முதலா, படிக்காதவர்களுக்கு நிலம் முதலா என்பது அந்தச் சண்டையின் அடியில் இருந்த கேள்வி. அது இன்னும் தீரவில்லை என்பது இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

1962 தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு மக்களவையில் கிடைத்த மூன்று இடங்களும் உத்தரப் பிரதேசத்தில்தான். இயக்கம் பிறந்த மகாராஷ்டிரத்தில் ஓரிடமும் இல்லை. கட்சி உடைந்திருந்தது, தோற்றிருந்தது. அப்படி இருந்தவர்கள்தான் 1964 டிசம்பர் 6 அன்று நாடு தழுவிய சத்தியாகிரகத்தைத் தொடங்கினார்கள். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியிடம் கொடுத்த பட்டியலில் இவையெல்லாம் இருந்தன: உழுபவருக்கு நிலம், தரிசு நிலம் நிலமற்றவர்களுக்கு, தானிய விலைக் கட்டுப்பாடு, குடிசைவாழ் மக்களின் நிலை மேம்பாடு, 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை முழுமையாக நிறைவேற்றல், பௌத்தம் தழுவியவர்களுக்கும் பட்டியல் சாதிச் சலுகை, நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அம்பேத்கர் படம். இரண்டு மாதத்துக்கு மேல் நடந்த போராட்டத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள் என்பது கட்சியின் கணக்கு. கைக்குழந்தையோடு சிறைக்குப் போன பெண்கள் அதில் இருந்தார்கள். தேர்தலில் வாக்கு வாங்க முடியாத கட்சியின் அழைப்பை ஏற்று மக்கள் சிறைக்கு வந்தார்கள் என்றால், காரணம் எளிது. கேட்டது அவர்களுடைய நிலத்தை, அவர்களுடைய கூலியை.

அந்தப் பட்டியலில் எது நிறைவேறியது? அம்பேத்கர் படம் 1990இல் மைய மண்டபத்தில் ஏறியது. பௌத்தர்களுக்கான சலுகையும் அதே ஆண்டில் கிடைத்தது. நிலமும் முழுமையான குறைந்தபட்சக் கூலியும் இன்னும் பட்டியலிலேயே இருக்கின்றன. படத்தைத் தருவது அரசுக்கு எளிது, நிலத்தைத் தருவது கடினம். நம் செங்கல்பட்டில், ட்ரெமன்ஹீரின் அறிக்கையை ஒட்டி 1892இல் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலத்தைக் கேட்டு 1994இல் காரணையில் மக்கள் அம்பேத்கர் சிலை வைத்தபோது, சிலையும் எடுக்கப்பட்டது, அதைத் தொடர்ந்து நடந்த போராட்டத்தில் இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். நிலத்தின் மேல் நிற்கும் சிலையை அரசு பொறுக்காது.

உழைப்பாளர் உரிமை பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2020இல் நிறைவேறிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, எந்தத் தொழிற்சாலையிலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் கூடாது, சமரசம் நடக்கும்போதும் கூடாது என்கிறது. 1938 மசோதாவை அதற்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றமே 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். அந்தப் பத்து நாளும் யாரும் அடுத்த தேர்தலுக்காகக் காத்திருக்கவில்லை.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. தோற்றவர்கள் கோரிக்கையைச் சிறிதாக்கிக்கொண்டு திரும்பி வரவில்லை, பெரிதாக்கிக்கொண்டு வந்தார்கள். திரும்பிப் போன இடம் வயலும் ஆலையும் சேரியும். இரண்டாவது, இடதுசாரிகளும் அம்பேத்கரியவாதிகளும் சேர்ந்து நிற்பது மேடையில் கொடிகளைச் சேர்த்துக் கட்டுவதால் முடிந்துவிடாது. ஊர்த்தெருத் தோழர் தன் இரண்டாவது வாக்கைச் சேரித் தோழருக்குப் போடுகிறாரா, தன் வயலில் கூலி உயர்வு கேட்கும்போது எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதில்தான் அது தெரியும்.

இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்கள் வட்டத்தில் பஞ்சமி நிலம் எவ்வளவு, இன்று அது யார் பெயரில் இருக்கிறது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனு போடுங்கள். உங்கள் ஊரில் நூறு நாள் வேலைக்கும் வயல் வேலைக்கும் கிடைக்கும் கூலியை, அரசு அறிவித்த கூலியோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை கூடும்போது அந்தத் தாள்களைக் கொண்டுவாருங்கள். நாம் அதிலிருந்து பேசத் தொடங்குவோம்.

ஜெய் பீம்.