ஸாட்ஸ்: ஒரு ஹொப்ஸ் கொடியும் அதை வளர்த்தவர்களும்

2023 செப்ரெம்பரில், செக் குடியரசின் ஜாடெட்ஸ் நகரமும் அதைச் சுற்றியுள்ள ஹொப்ஸ் தோட்டங்களும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பியருக்குக் கசப்புக் கொடுக்கும் ஒரு கொடிக்காக ஒரு நிலம் மரபுரிமையாவது எனக்குப் புதினமாக இருந்தது. அந்தக் கொடியைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். வாசிப்பு என்னை 1945 இல் அந்த ஊரிலிருந்து விரட்டப்பட்ட மக்களிடம் கொண்டுபோய் விட்டது.

“குடியைப் பற்றியா எழுதப் போகிறாய்?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். யுத்தத்துக்குப் பின்னர் எங்கள் கிராமங்களில் குடி எத்தனை வீடுகளைக் குலைத்திருக்கிறது என்பது வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நான் எழுத வந்தது ஒரு பயிரையும் அதை வளர்த்தவர்களையும் பற்றி.

ஹொப்ஸ் கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு படர்கொடி. பார்வைக்கு எங்கள் வெற்றிலைக் கொடிக்கால் நினைவுக்கு வரும். ஆனால் உயரம் அதிகம். ஏழு மீற்றர் வரை கம்பி கட்டி ஏற்றுவார்கள். குளிர்காலத்தில் கொடி முழுவதும் பட்டுப்போகும், வேர் மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். வசந்தத்தில் புதுத் தளிர் வந்ததும் இரண்டு மூன்றை மட்டும் தெரிந்து கம்பியில் கையால் சுற்றிவிடவேண்டும். இன்றும் இயந்திரம் முழுதாக எடுத்துக்கொள்ளாத வேலை அது. ஓகஸ்ட் கடைசியிலும் செப்ரெம்பரிலும் அறுவடை. பெண் கொடியில் காய்க்கும் பச்சைக் கூம்புகளைப் பிரித்தால் உள்ளே மஞ்சள் தூள் போன்ற பிசின் இருக்கும். அதற்காகத்தான் இவ்வளவு பாடும். கோடையில் நீண்ட பகலும் பின்னர் கடுங்குளிரும் வேண்டிய பயிர் இது. பகல் ஏறத்தாழ 12 மணித்தியாலமாகவே இருக்கும் இலங்கைக்கு ஒத்துவராது.

பியருக்குள் இது ஏன் போகிறது? முளைவிட்ட பார்லியை ஊறவைத்து எடுக்கும் சாறு இனிப்பானது. அதை நொதிக்கவிட்டால் மதுவாகும், விட்டுவைத்தால் புளிக்கும். காலையில் இறக்கிய பனங்கள்ளு பின்னேரம் என்னவாகும் என்று எங்களுக்குத் தெரியும். கருப்பநீர் வேண்டுமானால் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவோம். அது நொதித்தலையே தடுத்துவிடும். ஹொப்ஸின் வேலை வேறுமாதிரி. அதிலுள்ள கசப்பு அமிலங்கள், புளிக்கவைக்கும் பக்ரீரியாக்கள் பலவற்றை அடக்கும், மதுவாக்கும் நொதியத்தை விட்டுவிடும். குளிரூட்டி இல்லாத காலத்தில் ஐரோப்பா முழுவதும் ஹொப்ஸ் பரவியதற்குச் சுவையை விட இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இனங்கள் ஏன் இத்தனை என்பதற்கு விடை கொதிக்கும் அண்டாவுக்குள் இருக்கிறது. அல்பா அமிலம் எனப்படும் கசப்புப் பொருள் அப்படியே போட்டால் சாற்றில் நன்றாகக் கரையாது. ஒரு மணித்தியாலம் அளவில் கொதித்தால்தான் வடிவம் மாறிக் கரையும். ஆனால் மணம் கொடுக்கும் எண்ணெய்கள் அந்தக் கொதிப்பில் ஆவியாகிப் போய்விடும். ஆகவே தொடக்கத்தில் போடும் ஹொப்ஸ் கசப்புக்கு, இறக்கும் நேரத்தில் போடுவது மணத்துக்கு. ஆறி நொதித்த பின்னர் உலர்ந்த ஹொப்ஸை ஊறப்போடும் முறையும் உண்டு. அதில் மணம் மட்டும்தான் ஏறும்.

கசப்புக்கென்று ஜேர்மனியில் உருவாக்கப்பட்ட மக்னம் இனத்தில் அல்பா அமிலம் 12 முதல் 14 சதவீதம் வரை இருக்கும். 1972 இல் அமெரிக்காவில் வெளிவந்த கஸ்கேட், தோடம்பழக் குடும்பத்து மணத்தைப் பியருக்குள் கொண்டுவந்தது. பின்னர் வந்த சிட்ராவில் கசப்பும் கூட, மாம்பழம் போன்ற மணமும் கூட. இவற்றின் பக்கத்தில் ஜாடெட்ஸின் பழைய இனமான ஸாட்ஸ் ஒரு நோஞ்சான். அல்பா அமிலம் 3 அல்லது 4 சதவீதம். ஹெக்டேயருக்குச் சுமார் ஒரு தொன்தான் விளைச்சல். மக்னம் ஒரு கிலோ போடும் இடத்தில் இதை மூன்று நான்கு கிலோ போடவேண்டும்.

இருந்தும் அதைக் கைவிட முடியவில்லை. 1842 இல் பில்சன் நகரில் யோசெப் குரோல் காய்ச்சிய பொன்னிறப் பியர், வெளிர் மால்ற், மென்மையான தண்ணீர், ஸாட்ஸ் ஹொப்ஸ் என்ற மூன்றிலும் தங்கியிருந்தது. இன்று உலகில் அதிகம் விற்கும் வெளிர்நிறப் பியர்களெல்லாம் அதன் வழிவந்தவை. ஸாட்ஸின் உறுத்தாத கசப்பையும் மூலிகை போன்ற மெல்லிய மணத்தையும் வேறொரு இனத்திலிருந்து அப்படியே எடுக்கமுடியாது என்பது காய்ச்சுபவர்களின் வாதம்.

என்னை நிறுத்தி வைத்தது இன்னொரு விடயம். ஹொப்ஸை விதையிலிருந்து வளர்த்தால் பிள்ளைக் கொடி தாயைப் போல இராது. ஆகவே முருங்கைத் தடி ஊன்றுவது போல, வேர்த்துண்டை வெட்டித்தான் நடுவார்கள். இன்று ஜாடெட்ஸில் நிற்கும் ஸாட்ஸ், தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அதே கொடிதான். 1927 முதல் கரேல் ஒஸ்வால்ட் என்ற ஆய்வாளர் தோட்டங்களிலிருந்து தெரிந்தெடுத்த 31, 72, 114 என்ற எண்களுடைய கொடிகள் இன்றும் நடப்படுகின்றன. ஜேர்மனியின் ஸ்பால்ட், டெட்நாங் ஊர்களின் பெயர்பெற்ற இனங்களும் மரபணுவில் இதற்கு மிக நெருங்கியவை.

ஸாட்ஸ் என்பது ஜாடெட்ஸின் ஜேர்மன் பெயர். கொடியை நட்டவர்களிலும் கம்பியில் ஏற்றியவர்களிலும் பெரும்பாலானோர் ஜேர்மன் பேசியவர்கள். ஹொப்ஸ் வணிகத்தில் யூதர்கள் முக்கிய பங்கெடுத்தார்கள். 1938 இல் மியூனிக் உடன்படிக்கையால் இந்தப் பகுதி ஹிட்லரின் கைக்குப் போனது. யூத வணிகர்கள் முதலில் இல்லாமற்போனார்கள். செக் மக்களும் ஆக்கிரமிப்பின் கீழ் கொடூரங்களை அனுபவித்தார்கள். லிடிட்சே என்ற ஒரே கிராமத்தில் 1942 இல் ஒரே நாளில் 173 ஆண்கள் சுடப்பட்டார்கள்.

யுத்தம் முடிந்ததும் பழிவாங்கல் தொடங்கியது. 1945 ஜூன் 3 ஆம் திகதி ஜாடெட்ஸின் ஜேர்மன் ஆண்களும் சிறுவர்களுமாக ஆயிரக்கணக்கானோர் சந்தைச் சதுக்கத்தில் கூட்டப்பட்டு, சுமார் 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள போஸ்டொலொப்ர்டி நகரின் படைமுகாமுக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். செக்கோஸ்லோவாக்கியப் படையினர் அங்கே பலரைக் கொன்று புதைத்தார்கள். 1946 மே மாதம் நிறைவேறிய ஒரு சட்டம், விடுதலைப் போராட்டத்தோடும் ஆக்கிரமிப்பாளர்களுக்கு எதிரான பழிவாங்கலோடும் தொடர்புடைய செயல்கள் தண்டனைக்குரியவை அல்ல என்றது. 1947 இல் புதைகுழிகளைத் தோண்டி 763 உடல்களை எடுத்தார்கள். அந்த விசாரணை பல பத்தாண்டுகள் மறைத்து வைக்கப்பட்டது.

2010 இல்தான் போஸ்டொலொப்ர்டியில் ஒரு நினைவுப் பலகை வைக்கப்பட்டது. 1945 மே, ஜூன் மாத ‘நிகழ்வுகளில்’ அப்பாவிகளாகப் பலியான அனைவருக்கும் என்பது அதன் பொருள். படுகொலை என்ற சொல் இல்லை. தோண்டி எண்ணிய பிறகும் ‘நிகழ்வுகள்’ என்று எழுதுகிற அந்த மொழி எங்களுக்குப் பழக்கமானது. ஆனாலும் பலகை இருக்கிறது. அதையும் சொல்லவேண்டும்.

செக்கோஸ்லோவாக்கியா முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 30 இலட்சம் ஜேர்மனியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஸாட்ஸ் மக்கள் ஊர்ப் பொருட்களைச் சேர்த்து அமைத்த அருங்காட்சியகம் ஒன்று ஜேர்மனியில், ஹொப்ஸ் ஊரான ஸ்பால்ட்டுக்கு அருகே இருக்கிறது. வெறுமையான தோட்டங்களுக்கு வேறு ஊர்களிலிருந்து செக் மக்கள் குடியேற்றப்பட்டார்கள். அவர்களில் உக்ரேனின் வொலின் பகுதியிலிருந்து வந்தவர்களும் உண்டு. அங்கேயும் ஹொப்ஸ் பயிரிட்டுப் பழகிய மக்கள் அவர்கள். ஒருவர் விட்டுப்போன வேரை, இன்னொரு ஊரை விட்டு வந்தவர் கிளறித் தளிரைக் கம்பியில் ஏற்றினார்.

இப்போதைய கவலை மழை பற்றியது. 2050 அளவில் ஐரோப்பாவின் பாரம்பரிய ஹொப்ஸ் விளைச்சல் 4 முதல் 18 சதவீதமும், அல்பா அமிலம் 20 முதல் 31 சதவீதமும் குறையலாம் என 2023 இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. ஜாடெட்ஸிலுள்ள செக் ஹொப்ஸ் ஆய்வு நிறுவனம் பழைய கொடியின் வழியில் புதிய இனங்களை உருவாக்கி வருகிறது. அவற்றுக்கு அங்கே வைத்திருக்கும் பெயர்கள் ஸாட்ஸ் லேட், ஸாட்ஸ் கொம்ஃபர்ட், ஸாட்ஸ் ஷைன்.