மோட்சத்தின் சாவி

"நல்லது செய்தவனுக்கு மோட்சம் இல்லை, நம்பியவனுக்குத்தான் உண்டு என்றால், இது என்ன நியாயம், ஐயா?"

ஐரோப்பிய வரலாற்றிலே சமயச் சீர்திருத்தப் பாடத்தை நாம் நடத்தி முடித்த அன்று, கடைசி வரிசையிலிருந்து எழுந்த மாணவன் கேட்ட கேள்வி இது. வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். "ஊருக்குக் குளம் வெட்டியவன் வெளியே நிற்க, ஒன்றுமே செய்யாதவன் 'நம்புகிறேன்' என்று சொல்லிவிட்டு உள்ளே போவானா?" என்று அவன் மேலும் மடக்கினான். பகுத்தறிவு ஏடுகளைப் படித்து வளர்ந்த நமக்கு அந்தக் கேள்வி இனித்தது.

ஆனால், வீடு திரும்பும் வழியெல்லாம் வேறொரு கேள்வி நம்மை விடாமல் துரத்திற்று. நகைப்புக்கிடமான அந்தக் கொள்கைதானே போப்பாண்டவரின் அரியணையை அசைத்தது? அதைச் சொன்ன ஒரு துறவியைப் பேரரசன் மன்றத்திலே நிறுத்தி விசாரித்தானே? அதைக் கேட்ட உழவர்கள் பண்ணையாரை எதிர்த்து எழுந்தார்களே? எள்ளி நகையாடத்தக்க ஒன்று, எங்ஙனம் ஒரு கண்டத்தையே குலுக்கிற்று?

சிரிப்பது எளிது, தோழர்களே! சிந்தித்தபின் சிரிப்பதுதான் பகுத்தறிவு. ஆகவே, சற்றே பின்னோக்கிச் செல்வோம்.

ஜெர்மன் நாட்டிலே யூட்டர்போக் என்றோர் ஊர். ஆண்டு 1517. டொமினிக்கன் சபைத் துறவி யோகான் டெட்செல் அங்கே கடை விரித்திருக்கிறார். துணிக்கடையன்று, தானியக்கடையன்று, தண்டனைக் கழிவுக் கடை! செத்த பிறகு உத்தரிக்கிற ஸ்தலத்திலே ஆன்மா வேகவேண்டிய காலத்தைக் குறைக்கும் சீட்டு, காசுக்குக் கிடைக்கிறது. உயிரோடிருப்பவர் தமக்கும் வாங்கலாம். மாண்டுபோன தாய் தந்தையருக்கும் வாங்கலாம். பெட்டியிலே காசு விழுந்த மாத்திரத்தில் ஆன்மா தீயினின்றும் துள்ளியெழும் என்று கூவி விற்றார்கள்.

விலையிலும் வரிசை உண்டு. மன்னருக்கும் பேராயருக்கும் 25 பொன். சிறு தொழிலாளிக்கு ஒரு பொன். ஒன்றுமே இல்லாதவன் ஜெபமும் நோன்பும் செலுத்தலாம் என்று எழுதி வைத்திருந்தனர். சீட்டு பாவத்தையே போக்கிவிடும் என்று திருச்சபையின் சாத்திரம் சொல்லவில்லை என்பதையும் நேர்மையோடு குறித்துக்கொள்வோம். மனம் வருந்திப் பாவசங்கீர்த்தனம் செய்தவனுக்கு எஞ்சியிருக்கும் தண்டனையைக் குறைப்பதே அது என்பது ஏட்டிலிருந்த இலக்கணம். ஆனால் சந்தைக்கு வந்த குடியானவன் ஏட்டையா படித்தான்? அவன் கண்டது பெட்டியை, கேட்டது கூவலை!

இந்த வியாபாரத்துக்கு முதல் எங்கிருந்து வந்தது? ஏசுவும் புனிதர்களும் செய்த நற்செயல்கள் தேவைக்கு மேல் மிஞ்சிக் கிடக்கின்றன. அவை ஒரு கருவூலமாய்க் குவிந்துள்ளன. அதன் சாவி திருச்சபையின் கையில். 1343-ல் ஆறாம் கிளெமென்ட் எனும் போப்பாண்டவர் ஆணையாகவே அறிவித்த கொள்கை இது. 1476-ல் நான்காம் சிக்ஸ்டஸ், அக்கருவூலத்தின் பயனை மாண்டவர்க்கும் நீட்டினார். நற்செயல் என்பது எண்ணத்தக்க பொருளாயிற்று. சேர்க்கவும் மாற்றவும் தக்க செல்வமாயிற்று. மாற்றத்தக்க செல்வம் என்றானபின், அது விற்பனைக்கு வருவதற்கு எத்தனை நாளாகும்?

பணம் எங்கே போயிற்று என்பதையும் பார்ப்போம். பிராண்டன்பர்க் அரச குடும்பத்து ஆல்பிரெக்ட் 1513-ல் மாக்டபர்க் பேராயரானார். மறு ஆண்டே, இருபத்து நான்கு வயதில், மைன்ஸ் பேராயர் பதவியும் பெற்றார். ஒருவரே இத்தனை பதவி வகிக்கச் சிறப்பு அனுமதி வேண்டும். அனுமதிக்கு ரோமாபுரிக்குப் பணம் வேண்டும். பணத்தை ஆக்ஸ்பர்க் நகரத்துப் பூகர் எனும் வட்டிக்கடைக் குடும்பம் கொடுத்தது. அந்தக் கடனைத் தீர்க்கச் சீட்டு விற்பனையில் ஒரு பாதி. புனித பேதுரு பேராலயம் கட்ட மறு பாதி. தாய்க்கு விடுதலை என்று எண்ணி விதவை போட்ட காசு, வட்டிக்கடைக் கணக்கிலே வரவாயிற்று!

இந்த நாட்களிலேதான் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் லூதர் வேதபாடம் சொல்லிக்கொண்டிருந்தார். 1483-ல் ஐஸ்லெபன் ஊரிலே பிறந்தவர். செம்புச் சுரங்கத் தொழிலிலே முன்னேறிய தகப்பனார், மகன் வழக்கறிஞனாக வேண்டுமென்று விரும்பினார். மகனோ, 1505-ல் இடிமழையிலே அகப்பட்டு, அச்சத்தால் அர்ப்பணம் செய்துகொண்டு மடத்திலே புகுந்தார். நோன்பிருந்தார், கண்விழித்தார், குளிரிலே வாடினார், மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்தார். நிம்மதி மட்டும் வரவில்லை. எத்தனை செய்தால் போதும்? கணக்கு எப்போது தீரும்? இதற்கு விடை சொல்வார் இல்லை.

அந்த வேதனையோடுதான் அவர் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தை 1515-ல் பாடம் சொல்லத் தொடங்கினார். இறைவனின் நீதி என்பது, மனிதனை நிறுத்துப் பார்த்துத் தண்டிக்கும் தராசன்று. நம்புகிறவனுக்குக் கைம்மாறின்றிக் கொடுக்கப்படும் கொடை என்ற பொருள் நாளடைவில் அவருக்குத் தெளிவாயிற்று. கொடை என்றால் விலை ஏது? விலை இல்லையென்றால் கடை ஏது? கடை இல்லையென்றால் கடைக்காரன் எதற்கு?

அங்கேதான், தோழர்களே, வேதபாடம் வெடிகுண்டாயிற்று!

1517 அக்டோபர் 31 அன்று 95 வாசகங்களை எழுதிப் பேராயர் ஆல்பிரெக்டுக்கு அனுப்பினார் லூதர். கோயிற் கதவிலே ஆணியடித்து மாட்டினாரா என்பதிலே வரலாற்றறிஞர்க்குள் கருத்து வேறுபாடு உண்டு; அனுப்பினார் என்பதிலே ஐயமில்லை. அவ்வாசகங்களில் இரண்டு நம் கருத்தைக் கவர்கின்றன. ஏழைக்குக் கொடுப்பது சீட்டு வாங்குவதைவிட மேலானது என்கிறது ஒன்று. பெருஞ்செல்வரான போப்பாண்டவர் பேராலயத்தைத் தம் சொந்தப் பணத்தால் கட்டலாகாதா என்று மக்கள் கேட்கிறார்களே என்கிறது மற்றொன்று. நற்செயலால் மோட்சமில்லை என்று கூறப்போகும் மனிதர், ஏழையின் பக்கம் நின்றல்லவா வழக்கைத் தொடங்குகிறார்!

அச்சு இயந்திரம் அவருக்குத் துணை நின்றது. 1454-லேயே, கூட்டன்பர்க் காலத்து அச்சகம், இதே தண்டனைக் கழிவுச் சீட்டுகளை அடித்துத் தள்ளியது. இப்போது அச்சுக்கலை கட்சி மாறிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள் நூரன்பர்க், லைப்சிக், பாசல் ஆகிய நகரங்களில் 95 வாசகங்கள் அச்சேறிவிட்டன. 1520-ல் கண்டன ஆணை பிறந்தது. டிசம்பர் 10 அன்று அதை லூதர் நெருப்பிலிட்டார். 1521 ஜனவரியில் திருச்சபை அவரை விலக்கிற்று. ஏப்ரலில் வோர்ம்ஸ் நகரிலே பேரரசன் ஐந்தாம் சார்லசின் முன் நின்று, எழுதியதைத் திரும்பப்பெற மறுத்தார்.

அப்படியானால் நற்செயல் வேண்டாமென்றாரா லூதர்? இல்லை. 1520-ல் எழுதிய கிறிஸ்தவனின் சுதந்திரம் பற்றிய நூலிலே, கனியால் மரம் உண்டாவதில்லை, மரத்தால்தான் கனி உண்டாகிறது என்ற வகையிலே விளக்கம் தருகிறார். மோட்சத்துக்கு முன்பணமாகச் செய்யப்படும் தருமம், தருமமன்று, வியாபாரம். ஆதாயம் தேடாமல் அயலானுக்குச் செய்வதே செயல்.

இதன் விளைவு மண்ணிலே தெரிந்தது. பிச்சைக்காரன் இருந்தால்தானே பணக்காரன் தருமம் செய்து புண்ணியம் தேடலாம்? பழைய கணக்கிலே வறுமைக்கும் ஓர் உபயோகம் இருந்தது! புண்ணியக் கணக்கு அடிபட்டதும், வறுமை வெறும் வறுமையாகவே கண்ணிற்பட்டது. அதைப் போக்குவது ஊரின் கடமையாயிற்று. 1522-ல் விட்டன்பர்க், 1523-ல் லைஸ்னிக் ஆகிய ஊர்களில் ஏழைகளுக்கான பொதுநிதிப் பெட்டி ஏற்பட்டது. கத்தோலிக்க நகரமான ஈப்ரும் 1525-ல் இத்தகைய திட்டம் கண்டது. ஆகையால் பெருமை முழுவதையும் ஒரு கட்சிக்கே எழுதிவிடலாகாது.

ஆசிரியத் தொழிலில் இருக்கும் நம்மை மிகவும் ஈர்த்தது 1524-ல் அவர் நகரசபைகளுக்கு விடுத்த வேண்டுகோள். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி அமையுங்கள் என்றார். ஆன்மா, மோட்சம், நரகம் எதுவுமே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், உலகை ஒழுங்காக நடத்தப் பள்ளிகள் வேண்டுமே என்று வாதாடினார். மோட்சத்தைப் பற்றியே வாழ்நாளெல்லாம் பேசியவர், மோட்சமின்றியும் நிற்கக்கூடிய வாதத்தைப் பள்ளிக்கூடத்துக்காகக் கட்டினார் என்பதை நண்பர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

இதுவரை கைதட்டினோம். இனிக் கைதட்ட முடியாது.

1525 மார்ச்சிலே, மெம்மிங்கன் நகரில் உழவர்கள் பன்னிரண்டு கோரிக்கைகளை வெளியிட்டனர். எங்கள் குருவை நாங்களே தேர்ந்தெடுப்போம் என்றது முதற் கோரிக்கை. கிறிஸ்து எல்லோரையும் மீட்டார் என்றால் நாங்கள் எப்படிப் பண்ணையடிமைகளாய் இருக்க முடியும் என்று கேட்டது மூன்றாவது. லூதர் தந்த விளக்கை எடுத்துக்கொண்டு தங்கள் குடிசைக்குள்ளே பார்த்தார்கள் உழவர்கள். அங்கே விலங்கு தெரிந்தது!

லூதர் என்ன சொன்னார்? முதலில் பிரபுக்களின் கொடுமையையும் கண்டித்து, இருதரப்பாரும் அமைதி காக்க அறிவுரை கூறினார். கலகம் முற்றியதும், உழவர்களை வெட்டிச் சாய்க்கப் பிரபுக்களைத் தூண்டும் கடுமொழிகளை எழுதினார். சுதந்திரம் ஆன்மாவுக்கு, உடலுக்கு அன்று என்பதே அவர் கொள்கை. 1525 மே 15 அன்று பிராங்கன்ஹவுசனில் உழவர் படை சிதைந்தது; அவர்கள் தலைவர் தாமஸ் முன்சர் சில நாட்களில் தலை வெட்டப்பட்டார். அப்போரில் மாண்டோர் ஏறத்தாழ ஒரு லட்சம் என்பது ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. போப்பாண்டவரின் கையிலிருந்து சாவியைப் பறித்தவர், பண்ணையாரின் கையிலிருந்த சாவியைப் பறிக்க மறுத்தார்.

மறுதரப்பையும் கேட்போம். லூதர் 1522-ல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பிலே, மனிதன் விசுவாசத்தினால் நீதிமானாகிறான் எனுமிடத்தில், மூலத்தில் இல்லாத 'மட்டுமே' எனும் சொல்லைச் சேர்த்தார். ஜெர்மன் மொழிநடைக்கும் பவுலின் கருத்துக்கும் அது தேவை என்று 1530-ல் வாதிட்டார். செயலற்ற விசுவாசம் செத்தது என்று கூறும் யாக்கோபின் நிருபத்தையோ, வைக்கோல் என்று இகழ்ந்தார். ட்ரெண்ட் நகரில் கூடிய கத்தோலிக்கப் பேரவை, 1547 ஜனவரி 13 அன்று 'விசுவாசம் மட்டுமே' என்பதை மறுத்தது. ஆனால், இறையருள் இல்லாமல் சொந்தச் செயலாலேயே மனிதன் மீட்படைவான் என்பதையும் அதே பேரவை அதே நாளில் கண்டித்தது. கத்தோலிக்கர் செயலை மட்டும் நம்பினர் என்பது தவறு. லூதரினர் செயலை வெறுத்தனர் என்பதும் தவறு. சீட்டு விற்கும் முகவர் பதவியை அப்பேரவை 1562-ல் ஒழித்தது. பணம் பெற்றுத் தரும் தண்டனைக் கழிவுகளை 1567-ல் ஐந்தாம் பயஸ் ரத்து செய்தார். 1999 அக்டோபர் 31 அன்று, ஆக்ஸ்பர்க் நகரிலேயே, லூதரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இப்பொருள் பற்றிய அடிப்படை உடன்பாட்டிலே கையெழுத்திட்டன. கடன் பிறந்த ஊரிலே கணக்கு முடிந்தது!

இவ்வரலாறு நம் கடற்கரையையும் தொட்டிருக்கிறது. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, லூதரின் வழிவந்தவர். பள்ளி அமைத்தார், பெண் பிள்ளைகளுக்கும் அமைத்தார். தமிழிலே புதிய ஏற்பாட்டை 1715-ல் அச்சிட்டு முடித்தார். விசுவாசம் ஒன்றே போதுமென்றால், பிறப்பு எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? ஆயினும் தரங்கம்பாடிக் கோயிலுக்குள்ளே சாதிக்கொரு பக்கமாக மக்கள் தனித்தனியே உட்கார்ந்தனர். 1850-ல் சென்னையிலே பல புரொட்டஸ்டண்டு மிஷன்கள் சாதியை எதிர்த்து ஒன்றுகூடியபோது, லூதரன் மரபின் லைப்சிக் மிஷன் அதிலே சேரவில்லை. சாதி உலக வழக்கம், விசுவாசத்தைச் சேர்ந்ததன்று என்றது. கேட்ட குரலாக இருக்கிறதா? சுதந்திரம் ஆன்மாவுக்கு, உடலுக்கு அன்று என்று 1525-ல் உழவனுக்குச் சொன்ன அதே குரல்தான் அது!

மறுநாள் வகுப்பிலே அந்த மாணவனை எழுப்பி நாம் சொன்ன விடை இதுதான்:

"தம்பி, உன் கேள்வி நல்ல கேள்வி. ஆனால், அதற்கு முன்னால் இன்னொன்று கேட்டிருக்கவேண்டும். மோட்சத்துக்குச் சாவி எது என்று கேட்டாய். அந்தச் சாவி அன்று யார் இடுப்பிலே தொங்கிற்று என்று கேள். செயலுக்கு விலை வைத்தவன் ஏழையைச் சுரண்டினான். அதனால் விசுவாசம் எனும் சொல் அன்று விடுதலையாக ஒலித்தது. விசுவாசத்தை ஆன்மாவுக்குள்ளேயே பூட்டி வைத்தபோது, அதே சொல் விலங்குக்குக் காவலாயிற்று. கொள்கையை ஏட்டிலே மட்டும் பார்க்காதே. வயலிலே பார், கோயில் இருக்கையிலே பார்."

அவன் சற்றுநேரம் நின்றான். பிறகு, "அப்படியானால் குளம் வெட்டியவன்?" என்றான்.

"ஊர் தண்ணீர் குடிக்கிறது" என்றோம்.

இம்முறை வகுப்பு சிரிக்கவில்லை.