ஊசி மருந்தும் தாய்மொழியும்

1847 ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியப் பணி புரிந்த அவர், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கியதோடு, தமிழிலேயே வைத்தியமுங் கற்பித்தார். அறிவு மக்களின் மொழியில் ஊன்றினாலன்றி நிலைபெறாது என்பது அவர் கொள்கை. 1898 இல் இணுவிலிலே மகளிருக்கும் குழந்தைகளுக்குமென ஒரு வைத்தியசாலை எழுந்தது.

ஆயினும் ஒரு பெருங்குறை எஞ்சியிருந்தது. நியூமோனியாவோ மூளைக்காய்ச்சலோ குழந்தையைப் பற்றினால், வைத்தியர் நோயை அறிவார். கிருமியை அழிக்கும் மருந்தை அறியார். விடியும்வரை நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பதே தாய்க்கு இயன்றது. 1930 களில் வந்த சல்பா மருந்துகள் இக்குறையை ஓரளவே தீர்த்தன.

1928 இல் பிளெமிங் கண்ட பெனிசிலினைப் புளோறியும் செயினும் ஒக்ஸ்போர்ட்டில் மருந்தாக்கினர். 1941 இல் அதனை முதலிற் பெற்ற நோயாளருள் ஒருவரான பொலிஸ்காரர் தேறிவந்தார். மருந்து தீர்ந்தது, அவரும் மாண்டார். பின்னர்ச் சிறுவருக்கும் அதனை வழங்கினர்; சிற்றுடலுக்குச் சிறிதளவே போதுமன்றோ!

அதனை ஊசிவழி செலுத்தியது ஏன்? அந்தப் பெனிசிலினை இரைப்பை அமிலம் சிதைத்துவிடும். மேலும், கடும் நோயுற்ற சிசு மருந்தை விழுங்கமாட்டாது. சிறுநீரோடு அது விரைவில் வெளியேறியமையால், சில மணிக்கொருமுறை ஊசி ஏற்றவேண்டியிருந்தது. பின்னர் வந்த புரோக்கேயின் பெனிசிலின் நாளுக்கொருமுறை போதுமாயிற்று. பென்சதீன் பெனிசிலின் வாரக்கணக்கில் உடலில் நின்றது. 1963 இல் அறிவிக்கப்பட்ட ஜென்ராமைசினும் பெனிசிலின் இன மருந்தும் சேர்ந்து, கிருமி குருதியிற் கலந்த பச்சிளங் குழவிகள் பலரைக் காத்துவருகின்றன.

இவ்வெற்றியிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. வைரசால் வருங் காய்ச்சலுக்கு இம்மருந்து பயன்படாது. காய்ச்சல் தணிந்ததும் தாமாகவே நிறுத்துவதும், வேண்டாதவிடத்து வற்புறுத்திக் கேட்பதும் தீங்கே. மருந்தை மிகையாகவும் முறைகெடவும் வழங்குமிடத்து, அதற்கு அஞ்சாத கிருமிகள் பெருகும். நாளை வேறொரு குழந்தைக்கு அதே ஊசி பயன்படாது போகும். ஒவ்வாமை முன்பு இருந்திருப்பின் அதனை வைத்தியரிடம் மறவாது கூறுதலும் வேண்டும்.

இவற்றைத் தாய் அறிவது எம்மொழியில்? தன் மொழியிலேயே. ஊசியைச் செலுத்தும் கை வைத்தியருடையது. சிகிச்சையை நிறைவுசெய்யும் அறிவு வீட்டிலுள்ளோருடையது. கிறீன் தமிழில் நூல் செய்த காலத்திற் பெனிசிலின் இல்லை. பெனிசிலின் உள்ள இக்காலத்தில், அவர் செய்த பணியின் தேவை சற்றும் குறைந்திலது.