பாட்டு இருக்கு, சத்தம் வரலை!

புதுச்சேரி ரங்கப்பிள்ளை வீதியில், பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், ஆனந்தரங்கப்பிள்ளையின் பழைய மாளிகை இருக்கிறது. கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக இருந்த பெரிய வணிகர் அவர். 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரி வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விற்றது, சண்டை நடந்தது எல்லாம் அதில் இருக்கிறது. அவர் இறந்து எண்பத்தைந்து வருடம் கழித்து, 1846-ல், கலுவா மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அதைத் தேடிக் கண்டெடுத்தார். அதைப் படிக்க என்ன தேவைப்பட்டது? தமிழும் கொஞ்சம் பொறுமையும். அவ்வளவுதான்!

இப்போது இன்னொரு காட்சி. அதே மார்க்கெட்டை ஒட்டிய காந்தி வீதியில் ஞாயிறுதோறும் சண்டே மார்க்கெட் நடக்கும். அங்கே ஒருவர் 2001 வாக்கில் பதிவு செய்த ஒரு பாட்டு சிடியை வாங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரில் போட்டால் கோப்புகள் வரிசையாகத் தெரிகின்றன. சில பாடுகின்றன. சிலவற்றைத் தட்டினால் பிழைச் செய்தி வருகிறது. சில பாடுவது போல ஓடுகின்றன, ஆனால் சத்தம் வரவில்லை.

இருநூற்றைம்பது வருடத்துக்கு மேலான எழுத்தைப் படிக்க முடிகிறது. இருபத்தைந்து வருடப் பாட்டைக் கேட்க முடியவில்லை. இது ஏன்?

முதலில் ஒரு எளிய சோதனை. அந்தக் கோப்பை சிடியிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்து பார்க்க வேண்டும். பாதியில் நின்றுவிட்டால் தட்டில் கீறல், அது வேறு கதை. முழுதாகக் காப்பி ஆகியும் பாடவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் தட்டில் இல்லை. கோப்பின் வடிவத்தில் இருக்கிறது. அங்கேதான் வரலாறு தொடங்குகிறது.

53 எம்பியும் 5 எம்பியும்

ஆடியோ சிடி 1982-ல் விற்பனைக்கு வந்தது. அதில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில், இடது வலது என இரண்டு தடத்தில் எழுதுகிறார்கள். கணக்குப் போட்டால் நொடிக்கு 14,11,200 பிட். ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று கிட்டத்தட்ட 53 எம்பி வரும்!

இதைச் சுருக்கத்தான் ஜெர்மனியின் பிரான்ஹோஃபர் ஆய்வகத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானவர்கள் உழைத்தார்கள். பலமான சத்தம் ஒன்று கேட்கும்போது பக்கத்திலுள்ள மெல்லிய சத்தம் மனிதக் காதுக்கு எட்டாது. மார்க்கெட் இரைச்சலில் கைக்கடிகாரம் ஓடுவது கேட்குமா? காதுக்கு எட்டாததை எழுதுவானேன் என்று விட்டுவிட்டார்கள். 128 கிலோபிட் வேகத்தில் அதே பாட்டு 5 எம்பிக்குள் அடங்கியது. 700 எம்பி சிடியில் 140 பாட்டுக்கு மேல் போடலாம். 1995 ஜூலை 14 அன்று இந்தக் கோப்புக்கு எம்பி3 என்ற பெயர் முடிவானது. 1997-ல் வின்ஆம்ப் வந்ததும் உலகமே எம்பி3 கேட்க ஆரம்பித்தது.

முதல் கோளாறும் இங்கேதான். பழைய ஆடியோ சிடி பிளேயருக்குத் தடம் மட்டும்தான் தெரியும், கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. எம்பி3 தட்டைப் போட்டால் அது விழிக்கும். தட்டும் நல்ல தட்டு, பிளேயரும் நல்ல பிளேயர். இரண்டுக்கும் பொதுவான பாஷை இல்லை, அதுதான் சிக்கல்.

பெயர் ஒன்று, சரக்கு வேறு

பெரிய மார்க்கெட்டுக்கு அரசாங்கப் பெயர் குபேர் அங்காடி. புதுச்சேரி முதலமைச்சராக இருந்த எதுவார் குபேரின் பெயர் அது. எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் உள்ளே இருக்கும் மீனும் பூவும் மாறப்போவதில்லை. ஒலிக்கோப்பும் இப்படித்தான். பெயரின் கடைசியில் வரும் எக்ஸ்டென்ஷன் மூட்டைமேல் ஒட்டிய சீட்டு மட்டுமே. டபிள்யூஎம்ஏ கோப்பின் பெயரை எம்பி3 என்று மாற்றிவிட்டால் அது எம்பி3 ஆகிவிடும் என்று நினைத்தவர்கள் நிறைய. உளுந்து மூட்டையில் அரிசி என்று எழுதினால் உளுந்து அரிசியாகுமா?

மூட்டைக்கும் சரக்குக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. வேவ் என்பது ஒரு மூட்டை. உள்ளே சுருக்காத ஒலியும் இருக்கலாம், எம்பி3 முறையில் சுருக்கிய ஒலியும் இருக்கலாம். பிளேயர் மூட்டையைத் திறந்துவிடும். ஆனால் உள்ளே உள்ள சுருக்கத்தை விரிக்கும் கோடெக் அதனிடம் இல்லையென்றால் சத்தம் வராது. பாட்டு ஓடுவது போலத் தெரிந்தும் மௌனமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பாட்டின் பெயர் காணாமல் போவதும் இப்படித்தான். எம்பி3 கோப்பின் கடைசியில் 128 பைட் இடத்தில் பாட்டு, பாடகர் விவரம் எழுதும் முறை 1996-ல் வந்தது. அதில் தலைப்புக்கு 30 பைட்தான். ஆங்கிலத்துக்கு அது 30 எழுத்து. தமிழை யுனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் எழுதினால் மெய், குறில் நெடில் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். "பெரிய மார்க்கெட்" என்ற இரண்டு சொல்லுக்கே 46 பைட் வேண்டும்! பிறகு வந்த வடிவங்களில் இடம் தாராளம். ஆனாலும் பழைய எழுத்துருக் குறியீடுகளில் எழுதிய தமிழ்ப் பெயர்கள் புதிய கம்ப்யூட்டரில் புரியாத குறிகளாகவே தெரிகின்றன.

முகவரி மட்டும் மிஞ்சிய பாட்டுகள்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15. விஎஸ்என்எல் தந்தது. டெலிபோன் கம்பி வழியாக வந்த அந்த இணையத்தில் 5 எம்பி பாட்டை இறக்க, 56 கிலோபிட் மோடம் முழு வேகத்தில் ஓடினாலே 11 நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த முழு வேகம் யாருக்குக் கிடைத்தது?

அதே 1995-ல் அமெரிக்காவில் ராப் கிளேசரின் நிறுவனம் ரியல் ஆடியோவைக் கொண்டு வந்தது. முழுதாக இறக்காமல், வர வரக் கேட்கலாம். ராகா, மியூசிக் இந்தியா ஆன்லைன் போன்ற தளங்களில் தமிழ்ப் பாட்டுகள் ரியல் பிளேயர் வழியாகத்தான் ஒலித்தன. வெளிநாட்டுத் தமிழர்களுக்கு அது பெரிய வரம்.

ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியவில்லை. ஆர்ஏஎம் என்று முடியும் கோப்பு பாட்டே இல்லை! பாட்டு எந்த சர்வரில் இருக்கிறது என்ற முகவரி மட்டும் எழுதிய சிறு காகிதம் மாதிரி அது. பாட்டைச் சேமித்துவிட்டோம் என்று நம்பி அதைச் சிடியில் ஏற்றியவர்களிடம் இன்று மிஞ்சியிருப்பது அந்த முகவரிதான். வீடு இடிந்துபோன பிறகு முகவரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோப்பின் அளவு சில நூறு பைட் என்றால் அதற்குள் பாட்டு இல்லை. அதைச் சரிசெய்ய எந்த மென்பொருளாலும் முடியாது.

சாவி யார் கையில்?

எம்பி3-க்குக் காப்புரிமை இருந்தது. பாட வைக்கும் மென்பொருள் ஒன்றுக்கு 0.75 டாலர் என்று உரிமக் கட்டணம் வைத்திருந்தார்கள். இலவசமாகக் கொடுக்கும் மென்பொருளுக்கு யார் கட்டுவது? 2002-ல் ரெட் ஹேட் லினக்ஸ் 8.0 எம்பி3 வசதியையே எடுத்துவிட்டது. பாட்டு பாடவில்லை என்று கம்ப்யூட்டரைத் திட்டியவர்களுக்கு, அது பணக் கணக்கு என்று தெரிந்திருக்காது.

மைக்ரோசாஃப்ட் 1999-ல் டபிள்யூஎம்ஏ என்ற தன் சொந்த வடிவத்தைக் கொண்டு வந்தது. அதில் பூட்டும் போடலாம். விண்டோஸ் மீடியா பிளேயரில், சொந்தச் சிடியிலிருந்து பாட்டை எடுக்கும்போது பாதுகாப்புக் கட்டத்தில் டிக் இருந்தால், அந்தப் பாட்டுக்கு ஒரு உரிமம் கம்ப்யூட்டரில் தனியாகப் பதிவாகும். விண்டோஸை அழித்து மறுபடி போட்டால் உரிமம் போய்விடும். பாட்டு அப்படியே இருக்கும், பாடாது!

2008-ல் எம்எஸ்என் மியூசிக் கடை, ஆகஸ்ட் 31-க்குப் பிறகு புதிய கம்ப்யூட்டருக்கு உரிமம் தரமாட்டோம் என்று அறிவித்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தார்கள். பிறகு 2011 முடிய நீட்டித்தார்கள். விற்ற பொருளைத் திறக்கும் சாவியை விற்றவரே வைத்துக்கொள்ளும் வியாபாரம் இது. பெரிய மார்க்கெட்டில் வாங்கிய மீனைச் சமைக்க, மீன் விற்ற அம்மாவிடம் தினமும் அனுமதி கேட்க வேண்டுமா?

பாரிஸ் மாணவர்களின் கூம்பு

1954-ல் பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியை விட்டுப் போனது. இந்தக் கதையில் மறுபடி பிரெஞ்சுக்காரர்கள் வருகிறார்கள், இந்த முறை மாணவர்களாக! 1996-ல் எக்கோல் சென்ட்ரால் பாரிஸ் கல்லூரியில், விடுதி நெட்வொர்க்கில் டிவி பார்க்க வீடியோலேன் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அதில் பிறந்ததுதான் விஎல்சி. மாணவர்கள் விளையாட்டாகச் சேர்த்து வைத்திருந்த சாலைக் கூம்புதான் அதன் சின்னம். 2001 பிப்ரவரி 1 அன்று அதன் மூல நிரல் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொது உரிமத்தில் வெளியானது.

விஎல்சி கோடெக்குகளைத் தன்னோடே கொண்டு வருகிறது, விண்டோஸில் தேடுவதில்லை. மென்பொருளுக்குக் காப்புரிமை தருவதை பிரெஞ்சுச் சட்டம் ஏற்பதில்லை என்பது வீடியோலேன் அமைப்பின் நிலைப்பாடு. அதற்குத் துணையாக எஃப்எஃப்எம்பெக் என்ற திட்டம் 2000-ல் தொடங்கியது. தொடங்கிய ஃபாப்ரிஸ் பெல்லாரும் பிரெஞ்சுக்காரர்தான். ரியல் ஆடியோ போன்ற மூடிய வடிவங்களை ஆர்வலர்கள் வெளியிலிருந்தே ஆராய்ந்து, விரிக்கும் முறையைக் கண்டுபிடித்து எழுதினார்கள். அதனால்தான் பழைய ஆர்எம் பாட்டுகள் பல இன்றும் விஎல்சியில் பாடுகின்றன.

எம்பி3 உரிமத் திட்டம் 2017 ஏப்ரல் 23-ல் முடிந்தது. இப்போது யாரும் யாருக்கும் கட்டணம் கட்ட வேண்டாம். ஒரு துளி ஒலியும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவம் 2001 முதல் இலவசம். 2024 டிசம்பரில் அது முறையான இணையத் தரமாகவும் வெளியானது.

ஆக, வீட்டில் பழைய பாட்டுத் தட்டு இருந்தால் இப்போதே ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து வைப்பது நல்லது. ரியல் ஆடியோவை எம்பி3 ஆக மாற்றினாலும் மூலக் கோப்பை அழிக்கக் கூடாது. ஒருமுறை சுருக்கியதை மறுபடி சுருக்கினால் ஒலி இன்னும் கொஞ்சம் கெடும். தாத்தா பேசிய கேசட், அம்மா பாடிய பாட்டு என்று புதிதாகப் பதிவு செய்வதை ஃபிளாக்கில் வைக்கலாம்.

ஆனந்தரங்கப்பிள்ளை தன் நாட்குறிப்பை, ஊரே படிக்கத் தெரிந்த எழுத்தில் எழுதினார். அதைத் திறக்க யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியிருக்கவில்லை. பாட்டுகளையும் அப்படி ஒரு எழுத்தில் எழுதி வைத்தால் பேரப்பிள்ளைகளும் கேட்பார்கள்.