பேழையும் ஏடும்: பழைய மரப் பெட்டகங்கள் குறித்துச் சில எண்ணங்கள்

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று கேட்டபோது, நான் ஏதேனும் ஒரு காப்பியத்தைப் பற்றி எழுதுவேன் என்றே அன்பர்கள் எண்ணியிருப்பர். ஆயின் அண்மைக் காலமாக நம் உறுப்பினர் சிலர் புதுமனை கட்டி, அம்மனைக்கெனக் காரைக்குடி சென்று பழைய மரப் பெட்டகமும் அலமாரியும் வாங்கி வருகின்றனர். எதைப் பார்த்து வாங்குவது என்று என்னையும் வினவினர். தச்சுக்கலை நான் கற்றதன்று. எனினும் சொல்லும் சுவடியும் பயின்றவள் என்ற அளவில் ஒருவாறு விடை கூற இயலும்.

சொற்கள் காட்டும் வரலாறு

பொருளைச் சேமித்து வைக்கும் கலங்களுக்குத் தமிழில் பெயர்கள் மிகுதி. நெல்லுக்குக் குதிர், கூடு, பத்தாயம், கறிச்சரக்கிற்கு அஞ்சறைப் பெட்டி, வணிகனுக்குக் கல்லாப்பெட்டி, அணிக்கும் ஆடைக்கும் ஏட்டிற்கும் பேழை, பெட்டகம். மருதநில இல்லத்து நெற்கூடு ஏணிக்கும் எட்டாத உயரமுடையது என்று பெரும்பாணாற்றுப்படை பேசும். பாரதக் கதையில் கர்ணனைத் தாங்கி ஆற்றில் மிதந்தது பேழை. விவிலியத் தமிழில் நோவாவின் கலத்திற்கும் அதுவே பெயர். அழியக்கூடாத ஒன்றைத் தாங்குவது எதுவோ அதனைப் பேழை என்றனர் போலும்.

அலமாரி என்னும் சொல் போர்த்துக்கீசியரோடு வந்தது. அவர்கள் 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக் கரையில் காலூன்றினர். மேசையும் சன்னலும் அவர்கள் மொழியினவே. திறவுகோல் என்னும் நற்றமிழ்ச் சொல் நம்மிடம் இருந்தும், பேச்சில் சாவி என்பதே நிலைத்தது. அதுவும் அம்மொழிக் கொடையே. பீரோ பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது.

இங்கு மாறியது சொல் மட்டுமன்று. நம் பெட்டகம் தரையில் கிடப்பது, மேல்நோக்கித் திறப்பது. பாயில் அமர்ந்து உண்டு, எழுதி, உறங்கிய வாழ்க்கைக்கு ஏற்றது அது. மூடியபின் அதன்மேல் அமரலாம், படுக்கலாம். காவலும் அதுவே. அலமாரியோ நின்றுகொண்டிருப்பது, பக்கவாட்டில் திறப்பது. நாற்காலியும் மேசையும் புகுந்த வீட்டிற்கு உரியது அது. ஒரு பழைய வீட்டில் இவ்விரண்டும் அருகருகே இருக்கக் காண்பின், தரையிலிருந்து நாற்காலிக்கு ஏறிய ஒரு குடும்பத்தின் வரலாற்றையே காண்கிறோம் எனலாம்.

மரம் வந்த வழியும் போன வழியும்

மதுரைக்குக் கிழக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது காரைக்குடி. நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா நாடுகளில் வட்டித்தொழில் நடத்திப் பொருளீட்டிய காலத்தில், பர்மாத் தேக்கு கடல் கடந்து செட்டிநாட்டை அடைந்து, முகப்பிலும் வளவிலும் தூணாகவும் கதவாகவும் பெட்டகமாகவும் நின்றது. 1930களின் பொருளாதார மந்தமும், 1942இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும், 1948க்குப் பின் அங்கு வந்த நிலச் சட்டங்களும், 1960களின் நாட்டுடைமையாக்கமும் அச்செல்வத்தின் வேரை அறுத்தன. பங்காளிகள் பலராகிப் பராமரிக்க இயலாத வீடுகள் சில பிரிக்கப்பட்டன. அவ்வாறு பிரிந்த பொருள்களே காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் அடுக்கப்பட்டன. நாம் அங்கு விலைபேசும் ஒவ்வொரு பெட்டியும் ஏதோ ஒரு வீடு கலைந்ததன் எச்சம் என்பதை நினைவிற்கொள்ளுதல் நன்று.

நம் வீடுகளிலோ மரத்தின் இடத்தை இரும்பு பிடித்தது. பூட்டுத் தொழிலில் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 1923இல் இரும்பு அலமாரி செய்யத் தலைப்பட்டது. பின்னர் மதுரைச் சீமையில் கண்ணாடி பதித்த இரும்புப் பீரோ சீர்வரிசையில் முதலிடம் பெற்றது. பாட்டியின் மரப்பெட்டி மாட்டுத் தொழுவத்திற்குச் சென்றது.

ஒரு வீட்டுச் செய்தி

இதனைப் பிறர் கதையாகக் கூற நான் விரும்பவில்லை. மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் எங்கள் பாட்டியார் வீட்டில் பித்தளைப் பூணிட்ட தேக்குப் பெட்டகம் ஒன்று இருந்தது. 1990களின் தொடக்கத்தில், நான் பள்ளிச் சிறுமியாக இருந்தபோது, பழம்பொருள் வாங்குவார் ஒருவர் வந்து அதற்கு விலை கூறினார். விலை படிந்தது. பெட்டியைக் காலி செய்து தருமாறு கேட்டார். உள்ளே பழம்புடவைகளுக்கு அடியில் நான்கைந்து ஓலைச்சுவடிக் கட்டுகள் கிடந்தன. அவற்றைப் படிக்கவல்லார் வீட்டில் எவருமிலர். முற்றத்தில் கொட்டப்பட்ட அவை அன்று மாலை வெந்நீர் அடுப்பிற்குப் போயின. அடுப்பருகே அமர்ந்து ஓலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தவள் நான். ஓலை நன்றாக எரியும்.

பின்னாளில் முனைவர் பட்ட ஆய்வின்போது சுவடிகளைக் கையாளும் வேளைகளில் அந்த மாலை நினைவிற்கு வராமல் இருந்ததில்லை. அவை சோதிடமோ மருத்துவமோ நிலக்கணக்கோ, இனி எவரும் அறிய வழியில்லை. பெட்டி மட்டும் எங்கோ ஒரு வரவேற்பறையில் பளபளத்துக் கொண்டிருக்கும்.

இது புதிய துன்பமன்று. கரிவலம்வந்தநல்லூருக்குச் சென்ற உ.வே.சாமிநாதையர், அங்கிருந்த ஏடுகள் வேள்வித் தீயில் இடப்பட்ட செய்தி கேட்டு வருந்தியதை 'என் சரித்திர'த்தில் பதிவு செய்துள்ளார். தில்லையில் பூட்டிய அறையில் செல்லரித்தவை போக எஞ்சியவையே தேவாரமாக நமக்குக் கிடைத்தன என்பது சைவ மரபு. வையையை எதிர்த்துச் சென்ற ஏடு கரைசேர்ந்த இடம் திருவேடகம் என்று போற்றும் நம் மண்ணிலேதான், ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது.

தேர்வு செய்யும் முறை

இனி, அன்பர்கள் கேட்ட வினாவிற்கு வருவோம். முகப்பைப் பார்த்து மயங்காமல் முதுகைப் பார்க்க வேண்டும். பழங்காலத் தச்சர் முன்பலகையை இழைப்புளியிட்டு மெருகேற்றினர். கண்ணிற்படாத பின்பலகையிலும் அடிப்பலகையிலும் வாய்ச்சி கொத்திய தடம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மூலைகளில் பலகைகள் விரல் கோத்தாற்போல் ஒன்றனுள் ஒன்று பொருந்தியிருத்தல் நல்ல வேலைப்பாட்டின் அடையாளம். தேய்மானம் கை படும் இடத்தில் இருத்தல் வேண்டும்: கொண்டியைச் சுற்றி, மூடியின் விளிம்பில், இழுப்பறையின் அடியில். எங்கும் ஒரே சீராகத் தேய்ந்திருப்பின் அது அண்மையில் தேய்க்கப்பட்டதாகலாம். துளைகளின் வாயில் புதிய மரத்தூள் உதிருமாயின் பூச்சி இன்னும் உள்ளே உயிரோடு இருக்கிறது. தேக்கின் எண்ணெய்ப் பசை கறையானை ஓரளவு தடுக்கும். ஈட்டி மரமும் உறுதியானது. பழையது போலச் சாயமேற்றிய புதுமரமும் விற்பனைக்கு வரும். மூடியைத் திறந்து உட்புறம் நோக்கின் உண்மை புலப்படும்.

உட்புறத்தை மற்றொரு காரணத்திற்காகவும் நோக்குக. மறைவறையிலோ இழுப்பறையின் பின்னோ ஓர் ஓலை, ஒரு கணக்கேடு, ஒரு கடிதம் சிக்கியிருக்கலாம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி பொதுவாகப் பொருள்கள் தொல்பொருளாக நூறாண்டு கடக்க வேண்டும். அறிவியல், வரலாறு, இலக்கியம் முதலியவற்றால் மதிப்புடைய சுவடிக்கோ எழுபத்தைந்து ஆண்டு போதும். பெட்டியைவிட ஏடு விரைவில் அருமையுடையதாகிறது என்பதைச் சட்டமும் ஒப்புகிறது. அத்தகைய ஏடு கிடைப்பின், சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், உ.வே.சா. நூலகம், தஞ்சைச் சரசுவதி மகால் போன்றவற்றை அணுகுக.

ஒரு வேண்டுகோள்

1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது, அதனுடன் நூலகமும் அமைந்தது. ஏடுகளைச் சேர்ப்பதும் கவிதை பாடுவதும் ஒரே பணியின் இரு கைகள் என்று அவர் கருதினார் எனலாம். நம் வட்டத்தின் நிலை என்ன? பத்தாண்டுகளாகக் கவியரங்குகளில் படிக்கப்பட்ட கையெழுத்துப் படிகள் உறுப்பினர் வீடுகளில் நெகிழிப் பைகளிலும் கட்டிலின் அடியிலும் கிடக்கின்றன. அவற்றுள் சில இப்பொழுதே மங்கிவிட்டன.

ஆதலின் ஒன்று முன்மொழிகிறேன். வட்டத்தின் பொதுப்பணத்தில் பூச்சியில்லாத பழைய தேக்கு அலமாரி ஒன்று வாங்குவோம். சாவி இருவரிடம் இருக்கட்டும். நம் முன்னோர் சரசுவதி பூசையன்று ஏடுகளை வெளியே எடுத்துத் தூசு தட்டி அடுக்கினர். வழிபாடாகவும் அது அமைந்தது, ஆண்டாய்வாகவும் அமைந்தது. நாமும் அந்நாளில் அலமாரியைத் திறந்து, தாள்களை நிழலில் காற்றாட விட்டு, ஒவ்வொருவர் கவிதையையும் மற்றொருவர் எடுத்து உரக்கப் படிப்போம். அலமாரி பார்த்து வாங்கக் காரைக்குடிக்குச் செல்பவர்களுடன் நானும் வரச் சித்தமாயிருக்கிறேன்.